பூச் சதுரம் ஏன் கோணுகிறது? குரோஷேயில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷேயில் பிழை கண்ணில் படும் இடம் ஒன்று, பிழை நடந்த இடம் வேறொன்று. ஆறாம் சுற்றில் சதுரம் கோணலாகத் தெரிந்தால் அந்தச் சுற்றையே திரும்பத் திரும்பப் பிரித்துப் போடுவோம். காரணமோ ஐந்திலோ நான்கிலோ சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஆகவே நூலை இழுப்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியென்றால் கை இறுக்கத்தைச் சந்தேகியுங்கள். அதுவும் சரியென்றால் ஊசி குத்திய இடத்தைப் பாருங்கள். பெரும்பாலான கோளாறுகள் இந்த வரிசையிலேயே பிடிபட்டுவிடும்.

எதை வைத்து ஒப்பிடுவது

எட்டு இதழ்ப் பூ நடுவில் எழும்பி நிற்க, அதைச் சுற்றிச் சதுரம் வளரும் மோட்டிஃபை (தனித்தனியாகப் போட்டுப் பிறகு இணைக்கும் துண்டு) எடுத்துக்கொள்வோம். 8 ப்ளை (நூலின் தடிமன் அளவு) பருத்தி நூல் அல்லது அதே தடிமனுள்ள அக்ரிலிக் நூல், 4 மி.மீ. குரோஷே ஊசி. முடிந்த சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 9 செ.மீ. வரும், கை இறுக்கத்தைப் பொறுத்து அரை செ.மீ. முன்னே பின்னே இருக்கலாம். ஊசியால் போடும் ஒவ்வொரு தையலும் ஒரு கண்ணி. செயின் என்பது ஒரு நூல் வளையத்தின் வழியாக அடுத்ததை இழுத்துப் போடும் சங்கிலி. ஸ்லிப் ஸ்டிச், சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள், ட்ரெபிள் என்பவை இந்த வரிசையில் உயரம் கூடிக்கொண்டே போகும் கண்ணிகள். கண்ணியின் நிற்கும் பகுதி தண்டு, மேல் விளிம்பில் தெரிவது தலை.

சுற்று 1: மேஜிக் ரிங் (நூலின் தொடக்க முனையான வால் நூலை இழுத்தால் இறுகும் வளையம்). 3 செயின் (இது ஒரு டபுளாகக் கணக்கு), ரிங்குக்குள் 15 டபுள் குரோஷே. மூன்றாவது செயினில் ஸ்லிப் ஸ்டிச். மொத்தம் 16.

சுற்று 2: 1 செயின் (கணக்கில் இல்லை). அதே கண்ணியில் 1 சிங்கிள், 3 செயின், ஒரு கண்ணியை விட்டு அடுத்ததில் சிங்கிள், 3 செயின் என்று சுற்றிலும். 8 வளையம்.

சுற்று 3: ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் 1 சிங்கிள், 1 ஹாஃப் டபுள், 3 டபுள், 1 ஹாஃப் டபுள், 1 சிங்கிள். 8 இதழ், இதழுக்கு 7 கண்ணி. நூலை வெட்டி முடியுங்கள்.

சுற்று 4: புது நிறம். இதழ்களுக்குப் பின்னால், இரண்டாம் சுற்றின் ஒவ்வொரு சிங்கிளின் தண்டையும் சுற்றி ஒரு சிங்கிள், இடையில் 3 செயின். மறுபடி 8 வளையம்.

சுற்று 5: ஒரு வளையத்தில் மூலை (3 டபுள், 2 செயின், 3 டபுள்), அடுத்ததில் 3 டபுள், மறுபடி மூலை என்று மாற்றி மாற்றி. பக்கத்துக்கு 9 டபுள், மொத்தம் 36.

சுற்று 6: டபுளுக்கு ஒரு டபுள், மூலையில் 2 டபுள், 2 செயின், 2 டபுள். பக்கத்துக்கு 13, மொத்தம் 52.

சுற்று 7: சிங்கிளுக்கு மாறி, மூலையில் 1 சிங்கிள், 2 செயின், 1 சிங்கிள். பக்கத்துக்கு 15, மொத்தம் 60.

இங்கே சொல்லியிருப்பவை அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டிஷ் முறையில் இதே சிங்கிளுக்கு டபுள் என்றும், இதே டபுளுக்கு ட்ரெபிள் என்றும் பெயர். எண்ணிக்கை எல்லாம் பொருந்தியும் சதுரம் பாதி அளவில் சுருங்கிக் கிடந்தாலோ, எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகத் தொளதொளத்தாலோ, முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பெயர்க் குழப்பத்தைத்தான். வழிமுறையில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' என்ற சொல் இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க முறை.

எண்ணும்போது தண்டுகளை எண்ணாதீர்கள். அவை ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஏமாற்றும். மேல் விளிம்பைப் பாருங்கள். சடை போட்டது போல ஓடும் அந்த விளிம்பில் ஒரு முடிச்சு ஒரு கண்ணி. சுற்றை மூடிய ஸ்லிப் ஸ்டிச்சும் சடையில் ஒரு சிறு முடிச்சாகத் தெரியும், அது கணக்கில் சேராது. ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் ஓர் ஊக்கையோ வேறு நிற நூல் துண்டையோ மாட்டி வைத்தால் இந்தச் சந்தேகமே எழாது.

அறிகுறி: நடு ஓட்டை மூடவில்லை, அல்லது துவைத்ததும் திறந்துகொள்கிறது

மூடவே மாட்டேன் என்கிறதென்றால் நூலை விரலில் இரண்டு முறை சுற்றி ரிங் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரட்டை ரிங்கில் வால் நூலை இழுத்தால் ஒரு வளையம் மட்டும்தான் அசையும். வாலை லேசாக இழுத்து, எந்த வளையம் நகர்கிறது என்று பாருங்கள். அந்த வளையத்தைப் பிடித்து இழுத்தால் மற்றது மூடும். பிறகு வாலை இழுத்தால் இதுவும் மூடும். பலவந்தமாக வாலையே இழுத்துக்கொண்டிருந்தால் நூல் அறுந்துவிடும்.

மூடியது பிறகு திறந்துகொள்கிறதென்றால் வால் நூல் போதவில்லை. தொடக்கத்தில் குறைந்தது 15 செ.மீ. விடுங்கள். மொட்டை முனையும் பெரிய காதும் உள்ள ஊசியில் அதைக் கோத்து, 16 டபுள்களின் அடிப்பாகம் வழியாக ஒரு முழு வட்டம் ஓட்டி, ஒரு கண்ணியைத் தாண்டித் திரும்பி எதிர்த்திசையில் அரை வட்டம் ஓட்டுங்கள். திசை திரும்பும் அந்த இடம்தான் பிடிப்பு. ஒரே திசையில் எத்தனை சுற்று ஓட்டினாலும் வந்த வழியே உருவிக்கொண்டு வரும். மெர்சரைஸ்டு (பளபளப்பாகப் பதப்படுத்திய) பருத்தி, மூங்கில் நூல் போன்ற வழுக்கும் நூல்களில் இதைத் தவிர்க்கவே கூடாது.

அளவுக்கு மீறி இறுக்குவதும் ஆகாது. 16 டபுளை வைத்துக்கொண்டு ரிங்கை ஊசிமுனைகூட நுழையாத அளவுக்கு இறுக்கினால் அடியில் நெருக்கடி ஏற்பட்டு முதல் வட்டம் அலையலையாக எழும்பும். 2, 3 மி.மீ. துளை இருந்தால் வட்டம் படுத்திருக்கும். அந்தத் துளை பார்ப்பவர் கண்ணுக்குப் படாது.

அறிகுறி: முதல் சுற்றில் 15 அல்லது 17 வருகிறது

15 என்றால் 3 செயினைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு 14 டபுள்தான் போட்டிருப்பீர்கள். 17 என்றால் 3 செயினைச் சேர்க்க மறந்து 16 டபுள் போட்டிருப்பீர்கள். பிரித்துப் போடுவது ஐந்து நிமிட வேலைதான். ஆனால் இரண்டாம் சுற்று பாதி ஓடிய பிறகு கண்டுபிடித்தால் பிரிக்கவும் தேவையில்லை. 15 இருந்தால் கடைசிச் சிங்கிளுக்குப் பிறகு கண்ணி எதையும் விடாமல் 3 செயின் போட்டு மூடிவிடுங்கள். 17 இருந்தால் கடைசியில் ஒரு கண்ணிக்குப் பதில் இரண்டை விடுங்கள். இரண்டு வழியிலும் 8 வளையம் கிடைத்துவிடும், அந்த இடத்தை இதழ் மறைத்துக்கொள்ளும். இந்தச் சமாளிப்பு இங்கே மட்டும்தான் செல்லும். ஐந்தாம் சுற்றுக்கு மேல் ஒரு கண்ணி கூடினாலும் குறைந்தாலும் சதுரம் காட்டிக்கொடுத்துவிடும்.

அறிகுறி: இதழ் இதழாகப் பிரிந்து தெரியவில்லை

பூவுக்குப் பதில் சுருக்கம் வைத்த வட்டம் போலத் தெரிகிறதென்றால், இதழின் இரு ஓரத்திலும் இருக்க வேண்டிய சிங்கிள் விடுபட்டிருக்கும், அல்லது அந்த இடத்தில் ஹாஃப் டபுள் விழுந்திருக்கும். இதழுக்கு வடிவம் தருவது நடுவிலுள்ள உயரமான டபுள் என்றுதான் தோன்றும்; உண்மையில் ஓரத்துப் பள்ளம்தான் ஓர் இதழை அடுத்ததிலிருந்து பிரிக்கிறது. பள்ளம் இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் இதழ் முடிந்ததும் இரண்டாம் சுற்றுச் சிங்கிளின் தலையில் ஒரு ஸ்லிப் ஸ்டிச் போட்டுவிட்டு அடுத்த வளையத்துக்குப் போங்கள். இதழ் நுனி கூராக வேண்டுமென்றால் நடு டபுளை மட்டும் (அமெரிக்க முறை) ட்ரெபிளாக மாற்றுங்கள். 7 என்ற எண்ணிக்கை மாறாது.

இதழ் விறைத்துக்கொண்டு குழாய் போலச் சுருள்கிறதா? செயினின் இழைகளுக்குள் ஊசியைக் குத்தியிருப்பீர்கள். வளையத்துக்கு அடியில், காலியிடத்துக்குள் விட்டு வளையம் முழுவதையும் சுற்றிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் ஏழு கண்ணியும் நகர்ந்து இடம் பண்ணிக்கொள்ளும்.

அறிகுறி: இதழுக்குப் பின்னால் எங்கே குத்துவதென்று தெரியவில்லை, முன்பக்கம் நான்காம் சுற்றின் நிறம் எட்டிப் பார்க்கிறது

இந்தச் சதுரத்தைப் புதிதாகப் போடுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பின்னலைத் திருப்பி முதுகைப் பாருங்கள். இரண்டு இதழ் சந்திக்கும் பள்ளத்துக்கு நேர் அடியில், நடு வட்டத்தின் விளிம்பை ஒட்டி, ஒரு சிறு கட்டை போல நிற்கிறதே, அதுதான் இரண்டாம் சுற்றின் சிங்கிள். அதற்கு வலமும் இடமும் சிறு பொந்து இருக்கும். அந்தக் கட்டையின் மேலே தெரியும் சடை முடிச்சில் குத்தக் கூடாது. ஒரு பொந்தில் நுழைந்து மறு பொந்தில் வெளியே வந்து கட்டையையே சுற்றிப் பிடிக்க வேண்டும்.

முன்பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்போது இதைச் செய்வதென்றால், இதழை உங்கள் பக்கமாக மடித்துக்கொண்டு, பின்னாலிருந்து வலப் பொந்து வழியாக ஊசியை முன்னே கொண்டுவந்து, தண்டைத் தாண்டி, இடப் பொந்து வழியாகப் பின்னே விடுங்கள். இடக்கைக்காரர்களுக்கு வலமும் இடமும் மாறும். இது வரவில்லை என்றால் எளிய வழி ஒன்று இருக்கிறது: மூன்றாம் சுற்றோடு நூலை வெட்டியாயிற்று அல்லவா, நான்காம் சுற்று முழுவதையும் முதுகு உங்களைப் பார்க்க வைத்துக்கொண்டே போடுங்கள். தண்டு கண்ணெதிரே நிற்கும். சுற்று முடிந்ததும் திருப்பிக்கொண்டு ஐந்தாம் சுற்றைத் தொடங்கலாம். கிடைக்கும் வளையத்தில் வித்தியாசமே தெரியாது.

சரியாக வந்ததா என்று பார்க்கப் பூவை நேராகப் பிடியுங்கள். இதழ்களுக்கிடையே நான்காம் சுற்றின் நிறம் பளிச்சென்று எட்டிப் பார்க்கக் கூடாது. அப்படித் தெரிந்தால் அந்த இடத்தில் தண்டை விட்டுத் தலையில் குத்தியிருக்கலாம்.

அறிகுறி: இதழ்கள் முன்னோக்கிக் குவிந்து கிண்ணம் போல நிற்கின்றன

குற்றம் இதழில் இல்லை, பின்னாலுள்ள வளையத்தில். நான்காம் சுற்றின் செயின் இறுகிப்போனால் அது சுருக்குப் பை போல எல்லாவற்றையும் முன்னே தள்ளும். ஒரு வளையத்தை விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். இதழின் பாதி நீளம்வரைகூட வரவில்லை என்றால் இறுக்கம்தான். 3 செயினுக்குப் பதில் 4 போடுங்கள், அல்லது அந்தச் சுற்றுக்கு மட்டும் 4.5 மி.மீ. ஊசி எடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் வளையம் தொங்கி, ஐந்தாம் சுற்றின் டபுள்களுக்கிடையே ஓட்டை விழும்.

அறிகுறி: ஐந்தாம் சுற்று முடிவில் மூலைக்குப் பக்கத்தில் மூலை வந்து நிற்கிறது

வளையம் 7 அல்லது 9 இருக்கிறது. மூலை, பக்கம், மூலை, பக்கம் என்று நான்கு ஜோடி வர வளையம் எட்டாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் 8 வளையம் இருந்தால் நான்காம் சுற்றில் ஒரு தண்டை விட்டிருக்கிறீர்கள், அதுவரை பிரித்தால் போதும். பூவிலேயே 7 இதழ் என்றால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பிரித்துவிடுவது நல்லது. இருக்கும் 7 வளையத்தில் ஏதோ ஒன்றைப் பிளந்து மூலை உண்டாக்கலாம்தான், ஆனால் பூ சதுரத்தின் நடுவில் நேராக உட்காராது.

அறிகுறி: மூலை மழுங்கி, சதுரம் வட்டமாகத் தெரிகிறது

ஐந்தாம் சுற்றோடு நிறுத்திப் பார்க்கிறீர்கள் என்றால் கவலை வேண்டாம், அந்தக் கட்டத்தில் அது சற்று உருண்டையாகத்தான் இருக்கும். ஆறாம் சுற்றுக்குப் பிறகும் அப்படியே இருந்தால் மூலையில் 2 செயினுக்குப் பதில் 1 விழுந்ததா பாருங்கள். 2 இருந்தும் மழுங்கினால் அந்தச் செயின்கள் மட்டும் இறுக்கம். டபுள் போட்ட வேகத்தில் செயினைச் சுண்டி இழுக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. மூலைக்கு மட்டும் 3 செயின் போட்டுக்கொள்ளலாம், ஆனால் நான்கு மூலையிலும், எல்லாச் சதுரத்திலும் அப்படியே போட வேண்டும்.

அறிகுறி: விளிம்பு அலையாடுகிறது, அல்லது நடு புடைத்து எழும்புகிறது

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மேசைமேல் வைத்து நடுவில் ஒரு விரலை வைத்து அழுத்துங்கள். விளிம்பு நெளிந்தால் சுற்றளவு கூடுதல். மூலைகள் மேலே எழும்பினால் சுற்றளவு குறைவு. கூடுதலோ குறைவோ, முதலில் 36, 52 என்ற எண்ணிக்கையைச் சரிபாருங்கள். டபுளால் நிரப்பிக்கொண்டு போகும் சதுரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் கூட வேண்டியது சரியாக 16, அதாவது மூலைக்கு 4. இன்னும் பெரிதாக்க விரும்பினால் ஏழாம் சுற்றைச் சிங்கிளாகப் போடாமல் டபுளாகவே தொடருங்கள்: பக்கத்துக்கு 17, அதற்கடுத்து 21.

எண்ணிக்கை சரியாக இருந்தும் நெளிந்தால் 3.5 மி.மீ. ஊசிக்கு இறங்குங்கள், புடைத்தால் 4.5க்கு ஏறுங்கள். எண்ணிக்கை தப்பான சதுரத்தை நனைத்துக் குண்டூசி குத்தி மட்டமாக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். காயும்வரை மட்டமாக இருக்கும், அடுத்த துவைப்பில் பழைய நெளிவு திரும்பி வந்துவிடும்.

அறிகுறி: எண்ணிக்கை சரி, மட்டமாகவும் இருக்கிறது, ஆனால் சதுரம் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு சாய்கிறது

கேட்டால் "எல்லாம் சரியாத்தான் போட்டேன்" என்பார்கள். எண்ணினால் பக்கத்துக்கு 13 இருக்கும். தப்பு எண்ணிக்கையில் இல்லை, இடத்தில் இருக்கிறது.

வலக்கைக்காரர் போடும் டபுளைக் கவனியுங்கள். அதன் தலை தண்டுக்கு நேர்மேலே உட்காராது. சற்றே வலப்புறம் தள்ளி உட்காரும். சுற்று முழுவதும் எல்லாத் தலையும் ஒரே அளவு தள்ளியிருப்பதால் இது கண்ணில் படாது. மூலையில் மட்டும் சிக்கல். ஆறாம் சுற்றில் மூலைக்கான 2 டபுள், 2 செயின், 2 டபுள் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குள் நுழைகிறீர்கள். அங்கே முதல் கண்ணியின் தலை வலப்புறம் சாய்ந்திருப்பதால், நீங்கள் இப்போதுதான் போட்ட டபுள்கள் அதன்மேல் படுத்துக்கொண்டு மறைத்துவிடும். கண்ணுக்கு முதலில் படுவது இரண்டாவது கண்ணிதான். அதில் குத்துவீர்கள். பக்கத்தின் கோடியில் ஒன்று குறையும். அங்கே மூலைச் செயினுக்கு முன்னால் ஏதோ ஓர் இழை அகப்பட, அதில் ஒரு டபுளைப் போட்டு 9ஐ நிரப்பிவிடுவீர்கள். எண்ணிக்கை நேர், பக்கம் முழுவதும் ஒரு கண்ணி நகர்ந்துவிட்டது. நான்கு பக்கமும் இப்படியே நகர, சதுரம் காற்றாடி போல முறுக்கிக்கொள்கிறது.

தீர்வு சிறியது. மூலை முடிந்ததும் கட்டைவிரல் நகத்தால் கடைசி 2 டபுளை வலப்பக்கம் ஒதுக்குங்கள். அடியில் ஒரு சடை முடிச்சு நசுங்கிக் கிடக்கும். அதுதான் முதல் கண்ணி. அதில் குத்துங்கள். முன்னேற்பாடாக, ஐந்தாம் சுற்றில் மூலைச் செயினுக்குப் பிறகு வரும் முதல் டபுளின் தலையில் அப்போதே ஓர் ஊக்கு மாட்டிவிட்டால் தேட வேண்டியிருக்காது. நான்கு ஊக்கு, நான்கு மூலை. சோதிப்பதும் எளிது: 9 டபுளில் ஐந்தாவது, பக்கத்தின் மத்தியில் இருக்கிறது. அதற்கு மேலே உள்ளது ஆறாம் சுற்றின் 13இல் ஏழாவதாக இருக்க வேண்டும். எட்டாவதோ ஆறாவதோ வந்தால் நகர்ந்துவிட்டது.

இதைச் சரிசெய்த பிறகும் ஒரு நூலிழைச் சாய்வு மிஞ்சும். எப்போதும் முன்பக்கம் பார்த்தே சுற்றும் எந்தப் பின்னலுக்கும் அது உண்டு. பத்துச் சுற்றுப் பெரிய சதுரம் என்றால் சுற்றுக்குச் சுற்று திருப்பிப் போட்டால் சாய்வு அடிபட்டுப்போகும். இந்தச் சிறு சதுரத்துக்கு அது வீண் வேலை. தவிர, திருப்பிப் போட்டால் வரியின் தோற்றமும் மாறிவிடும்.

அறிகுறி: சுற்று தொடங்கும் இடத்தில் இடைவெளியும் மூட்டும் தெரிகின்றன

3 செயின் ஒரு டபுளின் உயரத்துக்குச் சமம், ஆனால் தடிமனுக்குச் சமமல்ல. அதனால் பக்கத்தில் சந்து விழுகிறது. தளர்வான கை என்றால் 2 செயின் போதும். மூடும்போது இரண்டாவது செயினில் மூட வேண்டும், அவ்வளவுதான். இன்னும் நேர்த்தியாக வேண்டுமென்றால் செயினையே விட்டுவிட்டு முதல் கண்ணியில் ஒரு சிங்கிள் போடுங்கள். அந்தச் சிங்கிளின் இடப்பக்கக் காலுக்குள் ஊசியை விட்டு அதன்மேல் இன்னொரு சிங்கிள். இரண்டும் சேர்ந்து ஒரு டபுளின் உயரமும் உடம்பும் கொண்டு நிற்கும். நிறம் மாற்றும் சுற்றுகளை ஒவ்வொரு முறையும் வேறு மூலையில் தொடங்கினால் மூட்டுகள் ஒரே கோட்டில் சேராது.

கடைசிச் சுற்றுக்கு ஸ்லிப் ஸ்டிச்சே வேண்டாம். நூலை 15 செ.மீ. விட்டு வெட்டி, கடைசிக் கண்ணி வழியாக முழுவதும் உருவி, தையல் ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். முதல் சிங்கிளை விட்டு இரண்டாவதன் சடை முடிச்சின் இரு இழைக்கும் அடியில் ஓட்டி, நூல் புறப்பட்ட கண்ணியின் பின் இழைக்குள் திரும்பக் குத்தி இறக்குங்கள். முதல் சிங்கிளின் தலைமேல் ஒரு போலிச் சடை முடிச்சு படுத்துக்கொள்ளும், எண்ணிக்கை கூடாது. அதைப் பக்கத்து முடிச்சின் அளவுக்கு மட்டும் இழுங்கள். அதற்கு மேல் இழுத்தால் விளிம்பில் பள்ளம் விழும்.

அறிகுறி: பழைய நிறம் புது நிறத்துக்குள் கசிகிறது

பின்னலில் கசிவது ஒரு வகை. ஒரு டபுளின் கடைசி இழுப்பில் ஊசிமேல் தங்கும் லூப்தான் அடுத்த கண்ணியின் தலையாகிறது. ஆகவே நிறத்தை அடுத்த கண்ணியில் மாற்றினால் காலம் கடந்துவிட்டது. முந்திய கண்ணியின் கடைசி இழுப்பிலேயே புது நூலைச் சுற்றி இழுக்க வேண்டும். அடர்நிற நூலை வெளிர்நிறக் கண்ணிகளுக்குள் மறைத்துக் கொண்டுபோகவும் கூடாது, நிழல் போலத் தெரியும்.

சாயம் கசிவது இன்னொரு வகை, இதற்கு மருந்து இல்லை. சிவப்பு, கருநீலம், மெரூன் நூலைத் தொடங்கும் முன்பே 20 செ.மீ. வெட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்திப் பாருங்கள். துணியில் கறை ஏறினால் அந்த நூலை வெள்ளையோடு சேர்க்காதீர்கள்.

அறிகுறி: ஒரே வழிமுறை, ஒரே ஊசி, ஆனால் சதுரங்கள் வேறு வேறு அளவு

டபுள் போடும்போது நூலைச் சுற்றி, கண்ணிக்குள் விட்டு, முதல் லூப்பை வெளியே இழுக்கிறீர்களே, அந்த லூப் எவ்வளவு உயரம் எழுகிறதோ அதுதான் டபுளின் உயரம். பிறகு எப்படி இழுத்தாலும் மாறாது. சிலர் அதைக் கீழ்நோக்கி அழுத்தி இழுப்பார்கள், டபுள் குட்டையாகும். சிலர் மேலே தூக்குவார்கள், நெடிதாகும். இரண்டுமே தவறல்ல. காலையில் ஒரு மாதிரி, களைத்த நேரத்தில் வேறு மாதிரி இழுத்தால்தான் தொல்லை. முதல் சதுரத்தில் ஐந்து, ஆறு, ஏழாம் சுற்றுகளின் அளவை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த சதுரங்களை அந்தந்தச் சுற்றிலேயே அளந்து பாருங்கள்.

சில சமயம் நூலே காரணம். ஒரே லேபிள், ஒரே ப்ளை என்றாலும் நிறத்துக்கு நிறம் நூலின் பருமன் சற்று மாறலாம். அப்போது கையைக் குறை சொல்லாமல் அந்த நிறத்துக்கு ஊசியை மாற்றுங்கள்.

வித்தியாசம் 5 மி.மீ.க்குள் என்றால் நனைத்து இழுத்துக் காயவைப்பதில் சரியாகும். சற்றுக் கூடுதலாகச் சின்னதென்றால் ஏழாம் சுற்றின் சிங்கிளை ஹாஃப் டபுளாக மாற்றினால் மொத்தத்தில் சுமார் அரை செ.மீ. கூடும், கண்ணி எண்ணிக்கை மாறாது. 1 செ.மீ.க்கு மேல் போனால் அந்தச் சதுரத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வேறொன்று போடுங்கள்.

காயவைக்கும் முறை நூலுக்கு நூல் வேறு. பருத்தியையும் கம்பளியையும் நனைத்து, துண்டில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, துருப்பிடிக்காத குண்டூசியால் முதலில் நான்கு மூலை, பிறகு பக்க நடு, கடைசியில் இடைவெளி என்று குத்துங்கள். மூலையை விட்டுப் பக்கத்தில் தொடங்கினால் விளிம்பு பல் பல்லாக நிற்கும். அக்ரிலிக்கை நனைத்து மட்டும் காயவைத்தால் பெரிதாகப் பலன் இராது. 2, 3 செ.மீ. தூரத்திலிருந்து நீராவி காட்ட வேண்டும். இஸ்திரிப் பெட்டி நூலைத் தொட்டதோ, இழை இளகி, பளபளத்து, துவண்டுவிடும். திரும்ப வராது. எழும்பி நிற்கும் இதழ்களுக்கு நீராவியைப் பின்பக்கமிருந்தே காட்டுங்கள்.

அறிகுறி: இணைத்த பிறகு மடிப்பு விழுகிறது

ஏழாம் சுற்றில் பக்கத்துக்கு 15 சிங்கிள், இரு கோடியிலும் மூலைச் செயினில் ஒவ்வொன்று, ஆக 17 இடம். இரண்டு சதுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 17க்கு 17 பிடித்தால் மடிப்புக்கு வழியில்லை. ஒன்றில் 16 இருந்தால் கடைசியில் இழுத்துச் சேர்க்காதீர்கள், நடுவிலேயே ஒரு கண்ணியில் இரண்டு முறை குத்திச் சமன் செய்யுங்கள். ஸ்லிப் ஸ்டிச்சால் இணைப்பவர்கள் அரை மி.மீ. பெரிய ஊசி எடுப்பது நலம். ஸ்லிப் ஸ்டிச்சுக்கு நெகிழ்ச்சி குறைவு, மூட்டு இறுகினால் சதுரம் இரண்டும் புடைத்துக்கொள்ளும்.

அறிகுறி: வால் நூல் வெளியே வந்துகொண்டே இருக்கிறது

முடிச்சுப் போட்டு நறுக்கியிருந்தால் என்றாவது ஒருநாள் வரும். ஒரே நிறக் கண்ணிகளுக்குள் 4, 5 செ.மீ. ஒரு திசையிலும், திரும்பி எதிர்த்திசையிலும், மறுபடி முதல் திசையிலும் ஓட்டுங்கள். போகும் வழியில் ஓரிரு இடத்தில் நூலின் புரியைப் பிளந்துகொண்டு போனால் பிடிப்பு இன்னும் கூடும். ஓட்டி முடித்ததும் சதுரத்தை நான்கு பக்கமும் ஒருமுறை இழுத்துவிட்டுப் பிறகே நறுக்குங்கள். இழுக்காமல் நறுக்கிய வால், முதல் இழுப்பிலேயே உள்ளே சுருங்கி, முனை வேறெங்காவது முன்பக்கமாக எட்டிப் பார்க்கும்.